வருஷத்தோட பிடிச்ச பாட்டு லிஸ்ட்டு போடறது எப்படி: என் 2024 நோட்டை வெச்சு சொல்றேன்

டிசம்பர் 31 ராத்திரி உக்காந்து இந்த வருஷம் எனக்கு ரொம்ப பிடிச்ச பாட்டு எதுன்னு யோசிச்சீங்கன்னா கடைசி ரெண்டு மாசத்துல கேட்டது மட்டும்தான் வரிசையா வந்து நிக்கும். பிப்ரவரில ஒரு பாட்டை பத்து நாள் விடாம கேட்டிருப்பீங்க, குளிக்கும்போதும் அதையேதான் பாடியிருப்பீங்க, ஆனா அது சுத்தமா ஞாபகத்துலயே இருக்காது. எனக்கு இப்படி நடந்து நடந்துதான் 2021-ல இருந்து ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வெச்சு எழுத ஆரம்பிச்சேன், இப்ப நாலு வருஷ நோட்டு இருக்கு, அதை எடுத்து புரட்டும்போது கிடைக்கற சந்தோஷம் பழைய போட்டோ ஆல்பம் பாக்கற மாதிரின்னு சொல்லுவேன், சொல்லப்போனா அதைவிட ஒரு படி மேல. போட்டோல முகம்தான் தெரியும், பாட்டு நோட்டுல அன்னிக்கு மனசு எப்படி இருந்துச்சுங்கறதே தெரியும்.

2024-ஐ உதாரணமா வெச்சே சொல்லிடறேன், அந்த வருஷ லிஸ்ட்டு போட்டப்பதான் எனக்கு நிறைய விஷயம் புரிஞ்சுது.

முதல்ல எந்தப் பாட்டு எந்த வருஷத்துக் கணக்குன்னு ஒரு ரூல் வெச்சுக்கங்க. சின்ன விஷயமா தெரியும், ஆனா இதை முடிவு பண்ணாம ஆரம்பிச்சா பாதில மாட்டிப்பீங்க. இப்ப கோல்டன் ஸ்பேரோ பாட்டு 2024 ஆகஸ்ட் கடைசில சிங்கிளா வந்துச்சு, படம் 'நிலவுக்கு என்மேல் என்னடி கோபம்' வந்தது 2025 பிப்ரவரில. இதை எந்த வருஷத்துல வைப்பீங்க? சிலர் படம் வந்த தேதியைத்தான் எடுப்பாங்க, அவார்டு குடுக்கறவங்களுக்கு அது சரி, நமக்கு எதுக்கு அது. என் ரூல் ரொம்ப சிம்பிள், பாட்டு எப்ப வந்ததோ அது எனக்கு முக்கியமில்ல, நான் அதுல எப்ப விழுந்தேனோ அந்த வருஷம்தான் அதோட வருஷம். அதனால கோல்டன் ஸ்பேரோ எனக்கு 2024. இதே ரூலால பழைய பாட்டும் உள்ள வரும், அதுக்குத்தான் இந்த ரூலையே வெச்சேன்.

ஏன்னா 2024-ஐ பழைய பாட்டு இல்லாம சொல்லவே முடியாது. பிப்ரவரில மஞ்சும்மல் பாய்ஸ் வந்துச்சு, மலையாளப் படம், டப்பிங் கூட இல்லாம நம்ம ஊர் தியேட்டர்ல கூட்டம் கூட்டமா போய் பாத்தோம். கொடைக்கானல் குணா குகைக்குள்ள விழுந்த பையனை மேல தூக்கிட்டு வர்ற இடத்துல 'கண்மணி அன்போடு' வருது பாருங்க, 1991 குணா படத்துப் பாட்டு, இளையராஜா மியூசிக், வாலி எழுதினது, கமலும் ஜானகியம்மாவும் பாடினது, நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த பாட்டு, எத்தனையோ தடவை டிவில கேட்டிருக்கேன், ஆனா அன்னிக்கு திருச்சில அந்தத் தியேட்டர்ல பக்கத்து சீட்ல இருந்த தெரியாத ஒரு அண்ணன் சட்டைக் கையால கண்ணைத் தொடச்சிக்கிட்டாரு, அப்பதான் எனக்கு அந்தப் பாட்டு முதல் தடவையா கேட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் செப்டம்பர்ல லப்பர் பந்து, ஷான் ரோல்டன் பாட்டுங்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா தியேட்டரை எழுப்பி நிக்க வெச்சது 1989 பொன்மனச் செல்வன் படத்து 'நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்' தான். விஜயகாந்த் போய் ஒரு வருஷம் கூட ஆகல அப்ப, 2023 டிசம்பர் 28 அவர் இறந்தது, அட்டகத்தி தினேஷ் பேட்டோட கிரவுண்டுக்குள்ள இறங்கும்போது அந்தப் பாட்டு வந்ததும் விசில் அடிச்சவங்க பாதிப்பேர் அழுதுட்டேதான் அடிச்சாங்க. இந்த ரெண்டு பாட்டையும் 2024 லிஸ்ட்டுல சேக்காம விட்டா அந்த லிஸ்ட்டு பொய்.

சரி, ரூல் முடிஞ்சுது, இப்ப பாட்டை எல்லாம் எப்படி சேக்கறதுன்னு பாப்போம். நோட்டு வெச்சிருந்தா பிரச்சனையே இல்ல, மாசத்துக்கு ஒரு பக்கம், புதுசா ஒரு பாட்டு மனசுல ஒட்டுச்சுன்னா அன்னிக்கே எழுதிடணும். பாட்டு பேரு, எங்க கேட்டேன், யார்கூட இருந்தேன், இந்த மூணு போதும். இந்த வருஷம் எழுதலையா, பரவால்ல, போன்லயே எல்லாம் கிடக்கு, தோண்டி எடுக்கணும் அவ்வளவுதான். ஸ்பாட்டிஃபைல லைக் பண்ண பாட்டுங்களை சேத்த தேதி வாரியா வரிசைப்படுத்தலாம், அது ஒரு டைரி மாதிரியே இருக்கும். யூடியூப்ல ஹிஸ்டரிக்குள்ள போய் தேடலாம், முழுசா வேணும்னா கூகுள் டேக்அவுட்ல இருந்து டவுன்லோடும் பண்ணிக்கலாம். ஷாஸம் பண்ற பழக்கம் இருந்தா அதுல ஒரு தங்கச் சுரங்கமே இருக்கும், டீக்கடைல, கல்யாண மண்டபத்துல, பஸ்ல கேட்டு 'இது என்ன பாட்டு'ன்னு போனை நீட்டின ஒவ்வொண்ணும் தேதியோட இருக்கும். அப்புறம் நீங்க யாருக்காவது வாட்ஸ்அப்ல அனுப்பின பாட்டு லிங்க், இதை நிறைய பேர் விட்டுடறாங்க, ஆனா என்னைக் கேட்டா இதுதான் முதல் சாட்சி, ஒரு பாட்டை இன்னொருத்தருக்கு அனுப்பினோம்னாலே அது நம்மள ஏதோ பண்ணியிருக்குன்னு அர்த்தம். ஃப்ரெண்டு சாட்டைத் திறந்து 'லிங்க்ஸ்'ங்கற இடத்துல போய் பாருங்க, வருஷம் முழுக்க வரிசையா இருக்கும்.

ஆப்பு வருஷக் கடைசில தர்ற கணக்கை, ராப்டு, ரீகேப், ரீப்ளே இந்த மாதிரி எல்லாத்தையும், உடனே பாக்காதீங்க. முதல்ல உங்க மனசுல இருந்தும் நோட்டுல இருந்தும் ஒரு லிஸ்ட்டு எழுதி முடிச்சுட்டு அப்புறம் அதைப் பாருங்க, ஏன்னா ஒரு தடவை நம்பர் ஒண்ணுன்னு திரைல பாத்துட்டா அப்புறம் அதுதான் உண்மைன்னு மனசு நம்பிடும். அந்தக் கணக்கு எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கறதும் நல்லது. ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 30 செகண்டு ஓடினாலே ஒரு தடவை கேட்டதா எண்ணிடும். நீங்க கண்ணை மூடிக்கிட்டு முழுசா கேட்டதும் ஒண்ணுதான், பாத்திரம் கழுவும்போது ஈரக்கையால மாத்த முடியாம ஓடினதும் ஒண்ணுதான். அதுவும் இல்லாம ஆப்பு எண்றது உங்க காதை இல்ல, உங்க அக்கவுண்டை. என் அக்கா பையனுக்கு அரண்மனை 4-ல வர்ற 'அச்சச்சோ' போட்டாதான் சோறு இறங்கும், மே மாசம் லீவுக்கு வந்தவன் என் போன்லதான் முழுசா கேட்டான், வருஷக் கடைசில ஆப்பு என்கிட்ட உங்க நம்பர் ஒண்ணு பாட்டு இதுதான்னு சொல்லுச்சு. ஆனா அந்தப் பாட்டை நான் லிஸ்ட்டுல வெச்சேன், என் பாட்டா இல்ல, அவன் பாட்டா, பக்கத்துல 'தயிர் சோறு, மே மாசம், வாயைத் திறந்துக்கிட்டே ஆடுவான்'னு எழுதி வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு, அந்த வருஷக் கணக்கு வெளியாகறதுக்கு சில வாரம் முன்னாடியே எண்றதை நிறுத்திடுவாங்க. 2024-ல ஸ்பாட்டிஃபை ராப்டு வந்தது டிசம்பர் 4. விடுதலை 2 வந்தது டிசம்பர் 20. இளையராஜா மியூசிக் போட்ட ஒரு படம் கணக்குலயே வராத மாதிரி ஒரு வருஷக் கணக்கை நான் எப்படி ஏத்துக்கறது. அதோட டிசம்பர் பாதில மார்கழி பொறந்துடுது, விடிகாலைல பெருமாள் கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை, சாயங்காலம் சபா கச்சேரி, கச்சேரிக்குப் போகாதவங்களுக்கும் யூடியூப்ல ஏதாவது ஒண்ணு வந்து காதுல விழும். பாட்டுக்குன்னே இருக்கற மாசத்தை விட்டுட்டு வருஷத்தை முடிக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அதனால நான் லிஸ்ட்டை போகி அன்னிக்குத்தான் முடிப்பேன், 2024 லிஸ்ட்டை 2025 ஜனவரி 13 ராத்திரி முடிச்சேன். பழையதை எல்லாம் எடுத்து இது வேணும் இது வேண்டாம்னு பிரிக்கற நாள்தானே அது, லிஸ்ட்டு போடறதும் அதே வேலைதான். நீங்களும் டிசம்பர் முழுக்க சேத்துக்கிட்டே இருங்க, அவசரப்படாதீங்க.

உண்மையான எண்ணிக்கை வேணுங்கறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. ஸ்பாட்டிஃபைல பிரைவசி பக்கத்துக்குப் போய் உங்க முழு ஹிஸ்டரியையும் கேட்டு வாங்கலாம், கொஞ்ச நாள் ஆகும், 30 நாள் வரைக்கும் கூட ஆகலாம், அதனால நவம்பர்லயே ஒரு தடவை கேட்டு வெச்சு பாத்து பழகிக்கங்க. வர்ற ஃபைல்ல ஒவ்வொரு பாட்டையும் எத்தனை மில்லிசெகண்டு கேட்டீங்கன்னு இருக்கும். அதை எக்செல்ல போட்டு முழுசா கேட்டதை மட்டும் பிரிச்சுப் பாருங்க, லிஸ்ட்டு தலைகீழா மாறும்.

இப்ப உங்க கைல ஒரு 60, 70 பாட்டு இருக்கும். இதைக் குறைக்கணும். நான் 20-க்கு மேல போக மாட்டேன், 20-க்கு மேல போனா அது லிஸ்ட்டு இல்ல, பிளேலிஸ்ட்டு. குறைக்கறதுக்கு நான் பண்றது சரணம் டெஸ்ட்டு. பாட்டைப் போடாம, மியூசிக் இல்லாம, சும்மா வாயால பல்லவில இருந்து ஆரம்பிச்சு பாடிப் பாருங்க. சரணம் வந்ததும் வரி வருதா, வரி வரலன்னாலும் மெட்டாவது வருதா? பல்லவியோட நின்னு போச்சுன்னா அது ரீல்ஸ்ல கேட்டு பிடிச்ச பாட்டு, உங்களுக்கு அந்த 20 செகண்டுதான் பிடிச்சிருக்கு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா 20 பாட்டுக்குள்ள அது வரணுமான்னு யோசிங்க. நான் இந்த டெஸ்ட்டு பண்ணப்ப ஜனவரில இருந்து மண்டைக்குள்ள ஓடிட்டிருந்த மூணு நாலு பாட்டு அங்கயே கழண்டு போச்சு, ஆனா சாய் அபயங்கரோட 'கட்சி சேர' நின்னுச்சு. சினிமாவே இல்லாம, படம் இல்லாம, ஹீரோ இல்லாம, திப்பு ஹரிணி வீட்டுப் பையன் தனியா வந்து ஒரு பாட்டு போட்டு அது ஜனவரில இருந்து வருஷம் முழுக்க ஓடுச்சு பாருங்க, அது இருக்கணும்.

அடுத்து அந்தப் பாட்டை வேற இடத்துல கேட்டுப் பாருங்க. ஹெட்போன்ல கேட்டு பிடிச்சதை பஸ்ல கேளுங்க, பஸ்ல கேட்டதை ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஹெட்போன்ல கேளுங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஸ்ரீரங்கம் போற பிரைவேட் பஸ்ல கடைசி சீட்டு மேல ஒரு ஸ்பீக்கர் இருக்கும், கரகரன்னுதான் பாடும், காவேரிப் பாலத்துல ஏறும்போது காத்து வேற உள்ள வந்து பாதி சத்தத்தைத் தூக்கிட்டுப் போயிடும். அதுல ராயன் படத்து 'வாட்டர் பாக்கெட்டு' கேட்டேன், சந்தோஷ் நாராயணனும் ஸ்வேதா மோகனும் பாடினது, கானா காதர் எழுதினது, அந்த ஸ்பீக்கர்லதான் அது இன்னும் நல்லா இருந்துச்சு, கண்டக்டர் டிக்கெட்டு குடுத்துக்கிட்டே தாளம் போட்டுட்டு வந்தாரு. நவம்பர்ல அதே பஸ்ல அதே பாலத்துல அமரன் படத்து 'ஹே மின்னலே' வந்துச்சு, ஜி.வி.பிரகாஷ் மியூசிக், கார்த்திக் நேத்தா எழுதினது, ஹரிசரண்கூட பாடற அந்தப் பொண்ணு குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு வீட்டுக்கு வந்து பாத்தா அதுவும் ஸ்வேதா மோகன். ரெண்டு பாட்டையும் அடுத்தடுத்து போட்டு கேட்டேன் அன்னிக்கு. ஒண்ணு தெருவுல இறங்கி ஆடுது, இன்னொண்ணு ஒருத்தர் நெஞ்சுல சாஞ்சுக்கிட்டு பாடற மாதிரி இருக்கு. ஒரே தொண்டை, நாலு மாச இடைவெளி.

இதனாலதான் நான் திரும்பத் திரும்ப சொல்றது, பாட்டு பேரு பக்கத்துல யார் பாடினது, யார் எழுதினதுன்னு கட்டாயம் எழுதுங்க. நம்ம ஊர்ல பாட்டுன்னா மியூசிக் டைரக்டர் பேரும் ஹீரோ பேரும் மட்டும்தான் நிக்குது, எழுதினவங்க பேரு அப்படியே போயிடுது. தேடறதும் கஷ்டமில்ல, ஆடியோ கம்பெனியோட சொந்த சேனல்ல லிரிக் வீடியோக்குக் கீழ டிஸ்கிரிப்ஷன்ல எல்லாம் இருக்கும், வேற யாரோ ஏத்தின வீடியோவை நம்பாதீங்க, அதுல பாதி தப்பாத்தான் இருக்கும். நான் 2024 லிஸ்ட்டை எழுதினவங்க பேர் வாரியா ஒரு தடவை மாத்தி அடுக்கிப் பாத்தேன். தங்கலான்ல 'மினிக்கி மினிக்கி' உமாதேவி, மெய்யழகன்ல 'யாரோ இவன் யாரோ'வும் உமாதேவி. ஒண்ணு கோலார் மண்ணுல ஒரு கூட்டமே ஆடற பாட்டு, இன்னொண்ணு தஞ்சாவூர்ப் பக்கம் ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல இருக்கற பாசம். இதை அடுக்கிப் பாக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

மெய்யழகன் பாட்டைப் பத்தி இன்னொண்ணு. கோவிந்த் வசந்தா மியூசிக்ல அதுல கமல் பாடியிருக்காரு. பிப்ரவரி பக்கத்துல குணா கமல், செப்டம்பர் பக்கத்துல மெய்யழகன் கமல். 1991 குரலும் 2024 குரலும், நடுவுல 33 வருஷம், என் நோட்டுல ஏழு பக்கம் தள்ளி. நான் ரெண்டையும் ஒரே நாள் ராத்திரி கேட்டேன், அந்தப் பழைய குரல்ல இருந்த துள்ளல் எல்லாம் போய் இப்ப அதுல ஒரு கனம் வந்திருக்கு, வயசான மாமா ஒருத்தர் திண்ணைல உக்காந்து மெதுவா பேசற மாதிரி. இந்த மாதிரி ரெண்டு பாட்டு ஒண்ணை ஒண்ணு தேடிக்கிட்டு வந்தா அதை லிஸ்ட்டுல பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போடாதீங்க. நம்பர் போட்டா எது முந்தி எது பிந்திங்கற சண்டைலயே நேரம் போயிடும், எந்தப் பாட்டு எந்தப் பாட்டோட சேருதுன்னு பாத்து அடுக்கினா கேக்கறதுக்கும் சுகமா இருக்கும்.

ஒரு சிக்கலான விஷயம் இருக்கு, 2024-க்கு இதைப் பேசாம விட முடியாது. ஏஐ குரல். அந்த ஒரே வருஷத்துல மூணு பெரிய படத்துல நம்மகூட இல்லாதவங்க குரல் வந்துச்சு. பிப்ரவரில லால் சலாம், 'திமிறி எழுடா' பாட்டுல பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும், மியூசிக் போட்ட ரஹ்மான், அவங்க ரெண்டு பேர் குடும்பத்துக்கிட்டயும் அனுமதி வாங்கி பணமும் குடுத்துத்தான் பண்ணேன்னு சொன்னாரு. அக்டோபர்ல வேட்டையன், அனிருத் மியூசிக்ல 'மனசிலாயோ', 2011-ல இறந்துபோன மலேசியா வாசுதேவன் குரல், கூடவே அவர் மகன் யுகேந்திரனும் பாடியிருக்காரு. நடுவுல ஜூன்ல கோட் படத்து 'சின்ன சின்ன கண்கள்', யுவன் மியூசிக், விஜய்கூட பவதாரிணி. பவதாரிணி அந்த வருஷம் ஜனவரி 25 இலங்கையில இறந்துட்டாங்க, தங்கச்சி குரலை அண்ணன் இப்படித் திரும்பக் கொண்டுவந்திருக்காருன்னு நாம எழுதிடறோம், உண்மையில அவங்கதான் யுவனுக்கு அக்கா.

அந்தப் பாட்டை எங்க அம்மா ஒரு ஞாயித்துக்கிழமை அருவாமனைல வாழக்கா நறுக்கிட்டே கேட்டாங்க, என் போன் சமையல்கட்டு ஜன்னல்ல இருந்துச்சு. யார்ரா பாடறது, நல்லா இருக்கேன்னாங்க. பவதாரிணிம்மான்னேன். கை அப்படியே நின்னுடுச்சு. அவதான் போயிட்டாளேன்னாங்க. கம்ப்யூட்டர்ல பண்ணிருக்காங்கன்னு சொன்னேன், ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு அந்த மயில் போல பாட்டைப் போடுன்னாங்க, 2000-ல வந்த பாரதி படத்துப் பாட்டு, அதுக்குத்தான் பவதாரிணிக்கு நேஷனல் அவார்டு கிடைச்சுது. அது முடியற வரைக்கும் அருவாமனைல உக்காந்தே இருந்தாங்க, நறுக்கல. முடிஞ்சதும், இதுல மூச்சு இருக்குடான்னு மட்டும் சொன்னாங்க.

அதுக்கு அப்புறம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன், இது என் முடிவு, நீங்க வேற மாதிரி வெச்சுக்கலாம். ஏஐ குரல்ல வந்த பாட்டை லிஸ்ட்டுல இருந்து தூக்க மாட்டேன், அது நம்மளைத் தொட்டது உண்மை. ஆனா அது பக்கத்துலயே அவங்க உசுரோட இருக்கும்போது பாடின ஒரு பாட்டை எழுதி வெப்பேன், ரெண்டையும் சேத்துத்தான் கேப்பேன். அப்படித்தான் மயில் போல பாட்டும் என் 2024-க்குள்ள வந்துச்சு. இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது என்னன்னா, எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டுப் பாத்தா குணா, பொன்மனச் செல்வன், பவதாரிணி, மலேசியா வாசுதேவன், சாகுல் ஹமீது, பம்பா பாக்யான்னு என் வருஷத்துல பாதி பழைய குரலாத்தான் இருந்துச்சு. வருஷம் நடக்கும்போது இது எனக்குத் தெரியவே இல்ல, ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்துட்டுப் போச்சு, நோட்டுல ஒரே பக்கத்துல பாத்தப்பதான் ஓ இது இப்படிப்பட்ட வருஷமான்னு தோணுச்சு. உங்க லிஸ்ட்டுலயும் இப்படி ஒரு நூல் ஓடும், 20 பாட்டையும் எழுதின பிறகு ஒரு நாள் விட்டுட்டு மறுபடி எடுத்துப் பாருங்க, தெரியும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் என்ன எழுதறதுன்னு கேப்பாங்க. மூணு வரிக்கு மேல வேண்டாம். 'மெலடியா இருக்கு, வைப்பா இருக்கு, செமயா இருக்கு' இதெல்லாம் எழுதாதீங்க, அடுத்த வருஷம் படிச்சா ஒண்ணும் ஞாபகம் வராது. எங்க கேட்டீங்க, அப்ப என்ன நடந்துட்டிருந்துச்சு, பாட்டுல எந்த இடத்துல உடம்பு புல்லரிக்குது, நிமிஷம் செகண்டோட, அவ்வளவுதான். என் நோட்டுல வாழை படத்து 'தென்கிழக்கு' பாட்டுக்கு நேரா இப்படி இருக்கு: 'ஆகஸ்ட் கடைசி. படம் பாத்துட்டு நடந்தே வந்தோம், யாரும் பேசல. காந்தி மார்க்கெட்டுல லாரில இருந்து வாழத்தார் இறக்கிட்டிருந்தாங்க, ரொம்ப நேரம் நின்னு பாத்தோம்.' இதைப் படிச்சா எனக்கு அந்த ராத்திரி முழுசா திரும்ப வந்துடும், பாட்டு எப்படி இருந்துச்சுன்னு நான் ஒரு வார்த்தை கூட எழுதல.

எங்க எழுதி வைக்கறதுங்கறதும் முக்கியம். ஆப்புல பிளேலிஸ்ட்டு மட்டும் போட்டு விட்டுடாதீங்க. எனக்கு 2020-ல ஒரு ஆப்புல ஆசை ஆசையா சேத்து வெச்ச 40 பாட்டுல ஒரு நாள் திறந்து பாத்தா பதினஞ்சு பாட்டு மங்கிப்போய் கிடந்துச்சு, அமுக்கினா ஓடாது, கொஞ்ச நாள்ல பேரும் காணாம போச்சு, என்ன பாட்டு இருந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியல. ஆடியோ கம்பெனிக்கும் ஆப்புக்கும் நடுவுல ஒப்பந்தம் முடிஞ்சா இப்படி ஆகும், பாட்டு நம்மளுது இல்ல, வாடகைக்கு இருக்கு. அதனால பேரை கைல எழுதுங்க, இல்லன்னா போன் நோட்ஸ்லயாவது டைப் பண்ணி உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிக்கங்க.

வீட்டுல இருக்கறவங்ககிட்டயும் கேளுங்க, ஆளுக்கு மூணு பாட்டு. எங்க அப்பா 2024-க்கு குடுத்த மூணுல ரெண்டு டி.எம்.எஸ், சேத்துக்கிட்டேன், அவர் அந்த வருஷம் ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்து ரேடியோ கேட்ட முதல் வருஷம் அது. அம்மாவோட மூணுல மயில் போலவும் இருந்துச்சு, சின்ன சின்ன கண்களும் இருந்துச்சு.

போகி அன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு லிஸ்ட்டை முடிச்சு நோட்டை மூடினேன். அதுக்கு முந்தின நாள்தான் மதகஜராஜா ரிலீஸ் ஆகியிருந்துச்சு, 2013 பொங்கலுக்கு வரவேண்டிய படம் 12 வருஷம் கழிச்சு 2025 பொங்கலுக்கு வந்து நின்னுச்சு. எதிர்வீட்டு மாடில பசங்க ஸ்பீக்கர் வெச்சு விஜய் ஆண்டனி மியூசிக்ல விஷால் பாடின 'மை டியர் லவ்வரு' பாட்டைத் திரும்பத் திரும்ப போட்டுட்டிருந்தாங்க, பாதிப்பேரு அந்தப் பாட்டு உருவானப்ப ஒண்ணாங்கிளாஸ் கூட போயிருக்க மாட்டாங்க. புது நோட்டை எடுத்து ஜனவரி பக்கத்துல முதல் வரியா அதை எழுதினேன், பக்கத்துல 'எதிர்வீட்டு மாடி, போகி, பனி' அப்படின்னு.